மைலுக்கு ஒன்றரைப் பவுண்டு

பீட்சா இரவுக்கு என்று நினைத்துத்தான்
கையெழுத்துப் போட்டேன்.
தாளைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.
பின்பக்கத்தில் ஒரு மலை இருந்தது.

ஸ்லீவ் டோனார்ட். எண்ணூற்று ஐம்பது மீட்டர்.
நான் குடியிருப்பது ஏழாவது மாடி;
என் வாழ்நாளின் உயரமெல்லாம்
ஒரு பொத்தானில் அடங்கியது.
பெல்ஃபாஸ்டில் நான் ஏறியவற்றில் செங்குத்தானது
இரட்டை மாடிப் பேருந்தின் படிக்கட்டு,
அதுவும் கீழே இடமில்லாத நாட்களில்.

"வராட்டியும் பரவாயில்ல, ஒண்ணும் நினைக்க மாட்டோம்" என்றாள்
குழுவை நடத்தும் ஹேசல்,
நிறைய நினைக்கும் முகத்துடன்.
சிப்ஸ் கடை டெஸி படிவத்தில்
மைலுக்கு ஒன்றரைப் பவுண்டு எழுதினான்.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
ப்ரோனா உச்சியைத் தொட்டால் இருபது கூடுதல்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில்
எண்ணெய்ச் சட்டியே அடங்கிப்போனது.

சனிக்கிழமை.
மழை என்றும் சொல்ல முடியாது,
இல்லை என்றும் சொல்ல முடியாது.
கடலோரக் கார் நிறுத்தத்தில் பதினொரு பேர்.
எல்லோர் காலிலும் பூட்ஸ்.
என் காலில் புது வெள்ளை ஷூ.
ஃபெர்கல் அதைக் குனிந்து பார்த்தான்,
துக்க வீட்டில் படத்தைப் பார்ப்பது போல.

முதல் மைலில் பைன் மரங்கள், ஓர் ஆறு,
"அழகா இருக்குல்ல?" என்று நாலு பேர்.
எனக்கு என் மூச்சு மட்டும்தான் கேட்டது,
காற்றடைத்த தண்ணீர்க்குழாய் மாதிரி.
இரண்டாவது மைலில் மரங்கள் விலகிக்கொண்டன.
மலைத்துப்போனேன்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
ஒரு மலை உட்கார்ந்திருப்பது
இடுப்பில் கைவைத்து நின்றபோதுதான் தெரிந்தது.

பணம் எதற்கு என்றுகூட
அதுவரை நான் கேட்டிருக்கவில்லை.
என் தண்ணீரைக் குடித்தபடி ஃபெர்கல் சொன்னான்:
நீச்சல் குளத்துக்கு ஒரு தூக்கி.
நாற்காலி மாதிரி இருக்கும்.
பொத்தானை அழுத்தினால்
நடக்க முடியாதவர்களைத் தண்ணீரில் இறக்கும்.
பழையது பாதியில் நின்றுபோனது,
அவன் தங்கையோடு.
இருபது நிமிடம் அந்தரத்தில்,
கால் நுனிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர்.

"அழுதாளா?"
"ம்ஹூம். எல்லாரையும் கெட்ட வார்த்தையில திட்டினா."

ஆக, ஒரு லிஃப்டுக்காக.
முதலிலேயே சொல்லியிருக்கலாம்.
இந்த உலகத்தில் லிஃப்டுக்காக
மலையேறச் சம்மதிக்கும் ஒரே பெண்
நானாகத்தான் இருப்பேன்.

கருங்கல் சுவர் வந்தது.
யாரோ சிமென்ட் இல்லாமல் அடுக்கிய கற்கள்
மேல் நோக்கிப் போய்
மூடுபனிக்குள் காணாமல் போயின.
உச்சி இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை, வெள்ளை.
ஹேசல் கையைத் தூக்கினாள்.
இதோடு போதும், திரும்பலாம்.

"இருபது பவுண்டு!" என்றது ஒரு குரல்.
காலையிலிருந்து முனகிக்கொண்டே வந்தவளின் குரல்.
பத்துப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்திருப்பேன், முடிந்திருந்தால்.
கண் தெரியாத மலையில்
பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டேன் என்றாள் ஹேசல்.
அவள் சொன்னது சரி.
அதற்காக அவளை மன்னிக்க
கீழே இறங்கும் வரை ஆனது.
பாதி தூரம் உட்கார்ந்தே இறங்கினேன்.

டெஸி கேட்டான்: "தொட்டியா?"
தலைமுடியில் சேறு,
ஜீன்ஸின் பின்புறம் மலையின் நிறம்.
ஆமாம் என்றால் நம்பியிருப்பான்.
"சுவர் வரைக்கும்."
நாலரை மைல். ஆறு பவுண்டு எழுபத்தைந்து.
நாணயமாக எண்ணி வைத்தான்,
பென்ஸைக்கூட விடாமல்.

வீட்டில் பொத்தானை அழுத்தினேன்.
நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
எப்போதும் போல் அது ஒரு குலுங்கு குலுங்கியது.
எப்போதும் இல்லாமல்
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஷூ இரண்டும் குளியல் தொட்டியில் ஊறுகின்றன.
மூன்றாம் முறை மாற்றியும் தண்ணீர் பழுப்பு.
ஃபெர்கலின் செய்தி:
அடுத்த மாசம் மறுபடி போறோம், வர்றியா?
இன்னும் பதில் போடவில்லை.
உன் தங்கை பேரென்ன என்று
கேட்டிருக்கிறேன்.